விண்ணில் ஒரு வீடு



ஊரில் ஒருவர் வீடு கட்டத் தொடங்கினால், அவ்வழியே போகின்றவர்கள் கேட்கின்ற முதற் கேள்வி, "பால் காய்ப்பு எப்போது?" என்பதுதான். அடித்தளம் எவ்வளவு ஆழம் தோண்டினீர்கள், மரம் நன்றாக உலர்ந்ததா, கூரையின் சரிவு போதுமா என்று கேட்பவர் மிகச் சிலர். குடிபுகும் நாளை அறிவதில் நமக்கு உள்ள ஆவல், வீட்டின் உறுதியை அறிவதில் இருப்பதில்லை. ஆனால் அந்த வீட்டில் குழந்தைகளோடு படுத்துறங்கப் போகிறவருக்கு, நாளினும் உறுதியே முக்கியம் அன்றோ?

நம் நாடும் இப்போது ஒரு வீடு கட்டத் தொடங்கியிருக்கிறது. அது நிலத்தில் எழும்பும் வீடன்று. நம் தலைக்கு மேலே நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால், நில்லாது சுற்றிக்கொண்டே இருக்கப் போகும் வீடு. 'பாரதிய அந்தரிக்ஷ நிலையம்' என்று அதற்குப் பெயர் இட்டிருக்கிறார்கள். அதன் முதற் கூடத்தை 2028ஆம் ஆண்டில் ஏவுவது என்பதும், ஐந்து கூடங்களையும் இணைத்து 2035ஆம் ஆண்டுக்குள் வீட்டை நிறைவு செய்வது என்பதும் அறிவிக்கப்பட்டுள்ள திட்டம். இச்செய்தி வந்த நாளிலிருந்து எங்கும் எழுகின்ற கேள்வி, "சொன்ன நாளில் போகுமா?" என்பதே. அந்தக் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டுப் பார்க்கவே இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

அருமனையில் பள்ளிக்கூடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒருவனுக்கு விண்வெளியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் எங்கள் ஊரின் இருப்பிடத்தை நினைத்துப் பாருங்கள். வடமேற்கே திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் நம் நாட்டில் ஏவப்பட்ட முதல் ராக்கெட் எழும்பியது. கிழக்கே, நம் மாவட்டத்தின் எல்லையை ஒட்டி, மகேந்திரகிரி மலையடிவாரத்தில் ராக்கெட் எஞ்சின்களை எரியவிட்டுச் சோதிக்கும் நிலையம் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ரப்பர்த் தோட்டங்களுக்குள் இருப்பது எங்கள் ஊர். மேலும், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை 2018ஆம் ஆண்டில் ஏற்ற திரு. கே. சிவன் அவர்களும், 2025ஆம் ஆண்டில் ஏற்ற திரு. வி. நாராயணன் அவர்களும் இந்தக் குமரி மாவட்டத்துச் சிற்றூர்களில் பிறந்து, தமிழ்வழியில் எழுத்தறிந்தவர்கள். ஆகவே, விண்வெளி நமக்குத் தொலைவில் உள்ள பொருளே அன்று.

முதலில், விண்வெளி நிலையம் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகக் காண்போம்.

விண்கலத்தில் ஏறிச் செல்லும் மனிதன், பேருந்தில் அமர்ந்து பயணம் செய்பவனை ஒத்தவன். சில நாட்களில் அவன் இறங்கித்தான் ஆக வேண்டும். மாதக்கணக்கில் தங்கி ஆராய்ச்சி செய்ய வேண்டுமானால், அங்கேயே ஒரு வீடு வேண்டும். அவ்வகை வீட்டை முதன்முதலில் அமைத்தவர்கள் சோவியத் நாட்டார். 1971ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் அவர்கள் ஏவிய 'சல்யூத்-1' என்பதே உலகின் முதல் விண்வெளி நிலையம். அது ஓரறை வீடு. பின்னர் 1986ஆம் ஆண்டு முதல் அவர்கள் கட்டிய 'மீர்' என்னும் நிலையமே, அறை அறையாகச் சேர்த்து விண்ணிலேயே கட்டப்பட்ட முதல் வீடு. அந்த முறையைத்தான் உலகம் இன்றளவும் பின்பற்றுகிறது. பல நாடுகள் கூடி அமைத்த பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் முதற் கூடம் 'சாரியா' 1998ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் ஏவப்பட்டது. 2000ஆம் ஆண்டு நவம்பர் முதல் அந்த நிலையத்தில் மனிதர் இல்லாத நாளே இல்லை. சீன நாட்டார் 2021ஆம் ஆண்டில் தொடங்கி மூன்று கூடங்கள் கொண்ட தம் சொந்த நிலையத்தை 2022ஆம் ஆண்டிலேயே கட்டி முடித்தனர்.

அறை அறையாகக் கட்டுவதற்குக் காரணம் எளியது. எந்த ராக்கெட்டும் ஓர் அளவுக்கு மேல் பாரம் தூக்காது. நம்மிடம் உள்ளவற்றில் வலிமை மிக்க எல்.வி.எம்.-3 ராக்கெட் பூமிக்கு அருகிலுள்ள சுற்றுப்பாதைக்குத் தூக்கக்கூடிய எடையின் எல்லை சுமார் பத்து டன். முழு நிலையமோ ஏறத்தாழ 52 டன் இருக்கும் என்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு கூடமாக மேலேற்றி, அங்கே ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். இக்கூடத்தை ஆங்கிலத்தில் 'மாட்யூல்' என்று வழங்குகின்றனர்.

கூடம் என்றவுடன் நான்கு சுவரும் ஒரு கூரையும் என்று எண்ணிவிடக் கூடாது. அது மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றது. தொண்ணூறு நிமிடத்தில் பூமியை ஒரு முறை வலம் வருகின்றது. ஒரே நாளில் பதினாறு உதயங்களைக் காண்கின்றது. வெயிலில் கொதிப்பும் நிழலில் உறைபனியும் மாறி மாறி அதைத் தாக்குகின்றன. உள்ளே இருப்பவர் மூச்சுவிடக் காற்று வேண்டும். விட்ட மூச்சின் கரியமில வாயுவை நீக்க வேண்டும். குடிக்க நீர் வேண்டும். கதிரவன் ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். அவ்வளவு உயரத்திலும் மெல்லிய காற்று சிறிது உண்டு. அதன் உராய்வினால் நிலையம் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தாழும். அதனை மீண்டும் உயர்த்தச் சிறு எஞ்சின்களும், அவற்றுக்கு எரிபொருள் தொட்டிகளும், குழாய்களும், வால்வுகளும் வேண்டும். இந்தக் குழாய்களைக் கருத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப் போகும் வரலாறு அவற்றைப் பற்றியதே.

ருஷ்ய நாட்டார் பன்னாட்டு நிலையத்துக்கென ஒரு கூடம் கட்டினார்கள். அதன் பெயர் 'நௌகா'. நம் காதில் அச்சொல் விழுந்தால் மரக்கலம் என்னும் பொருள் தோன்றும். ருஷ்ய மொழியில் அதற்கு 'அறிவியல்' என்று பொருள். சாரியா கூடத்துக்கு ஏதேனும் நேர்ந்தால் மாற்றாக இருக்கட்டும் என்று 1995ஆம் ஆண்டில் அதைக் கட்டத் தொடங்கினர். சாரியா நலமாகப் போய்ச் சேர்ந்தது. எஞ்சி நின்ற மாற்றுக் கூடத்தை ஆராய்ச்சிச் சாலையாக மாற்றி, 2007ஆம் ஆண்டில் ஏவுவதென்று பின்னர் முடிவு செய்தனர். 2007 வந்தது, போயிற்று. நாள் தள்ளித் தள்ளிப் போயிற்று. பணமுடையும் ஒரு காரணம். பொறுப்பு ஒரு தொழிற்சாலைக்கும் மற்றொன்றுக்கும் கைமாறிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம்.

பின்னர் 2013ஆம் ஆண்டில், சோதனையின்போது எரிபொருள் வால்வு ஒன்றில் கசிவு காணப்பட்டது. மேலும் ஆராய்ந்தபோது, குழாய்களுக்குள் நுண்ணிய உலோகத் துகள்கள் கிடந்தன. கூடத்தைக் கட்டிய தொழிற்சாலைக்கே அது திரும்பிப் போயிற்று. துகள்களை நீக்கிக்கொண்டிருக்கையில், 2017ஆம் ஆண்டில் எரிபொருள் தொட்டிகளிலும் அதே மாசு இருப்பது தெரிந்தது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத பொடி, இருபது டன் எடையுள்ள ஒரு கூடத்தை ஆண்டுக்கணக்கில் நிலத்தில் நிறுத்தி வைத்தது. இறுதியாக, 2021ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள், முதலில் குறித்த நாளுக்குப் பதினான்கு ஆண்டுகள் பிந்தி, பைக்கனூரிலிருந்து புரோட்டான் ராக்கெட்டில் அது எழும்பியது.

கதை அத்துடன் முடியவில்லை. வழியில் எஞ்சின்கள் எதிர்பார்த்தபடி இயங்காமல் கலங்கவைத்தன. தரையிலிருந்தவர்களின் திறமையால் எப்படியோ ஜூலை 29ஆம் நாள் நௌகா நிலையத்தைச் சேர்ந்தது. சேர்ந்து ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழிந்தபின், அதன் சிறு எஞ்சின்கள் தாமாகவே எரியத் தொடங்கின. வீட்டோடு பொருந்திவிட்ட அறை, தான் இன்னும் பயணம் செய்துகொண்டிருப்பதாக எண்ணிக்கொண்டது போலும்! நானூறு டன்னுக்கும் மேற்பட்ட முழு நிலையமும் நிலை தடுமாறி, ஏறத்தாழ ஒன்றரைச் சுற்றுச் சுழன்றது. மற்றக் கலங்களின் எஞ்சின்களை எதிர்த்திசையில் இயக்கி, சுமார் முக்கால் மணி நேரப் போராட்டத்துக்குப் பின் அதை நிலைப்படுத்தினார்கள். உள்ளே எழுவர் இருந்தனர். ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை. கணிப்பொறிக் கட்டளைகளில் நேர்ந்த பிழையே காரணம் என்று ருஷ்யப் பொறுப்பாளர் பின்னர் அறிவித்தனர். அதன்பின் நௌகா பணிசெய்து வருகிறது. ஆயினும், தான் சேர வேண்டிய நிலையத்தின் ஆயுளில் பெரும் பகுதி கழிந்த பின்னரே அது போய்ச் சேர்ந்தது என்பதை மறுக்க முடியாது.

இதைக் கேட்டவுடன், தாமதம் எல்லாம் குற்றமே என்று தீர்ப்புச் சொல்லத் தோன்றும். தாமதத்தினால் விளைந்த ஒரு நட்டத்தை நானே அறிவேன். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கணக்கு அவனுக்கு வரவில்லை. இப்படியே மேல் வகுப்புக்கு அனுப்பினால் அரசுத் தேர்வில் தவறிவிடுவான் என்று கருதி, அவனை அவ்வகுப்பிலேயே நிறுத்தி வைத்தேன். ஓராண்டு கூடுதலாகப் படித்தால் தேறிவிடுவான் என்பது என் எண்ணம். ஆனால் அந்த ஓராண்டில் அவனுக்கென்று தனியாக நான் என்ன செய்தேன்? அதே பாடத்தை அதே முறையில் மறுபடியும் நடத்தினேன். அவனுக்குப் புரியாத இடம் எது என்று அருகில் அமர்ந்து கேட்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் அவன் பள்ளியை விட்டு, ரப்பர் பால் வெட்டப் போய்விட்டான். நிறுத்தி வைத்ததில் தவறில்லை. நிறுத்தி வைத்துவிட்டுச் சும்மா இருந்தேனே, அதுதான் தவறு. இதை உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

ஆகவே தாமதம் இருவகைப்படும் என்பேன். குறையைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்காகக் காத்திருப்பது ஒரு வகை. குறை உள்ளே கிடக்க, நாட்கள் மட்டும் கழிந்துகொண்டிருப்பது மற்றொரு வகை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். நௌகாவின் கதையில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. 2013ஆம் ஆண்டுக்குப் பின் நேர்ந்த தாமதம் முதல் வகை. அதற்கு முன் கழிந்த ஆண்டுகளில் பெரும் பகுதி இரண்டாம் வகை.

தாமதத்தின் தீமையைச் சொன்னேன். நாளையே தெய்வமாகக் கொள்வதன் தீமையையும் சொல்ல வேண்டும். அதுவும் ஒரு விண்வெளிக் கூடத்தைப் பற்றியதே. பன்னாட்டு நிலையத்தில் அமெரிக்கர் இணைக்க வேண்டியிருந்த ஒரு கூடத்துக்கு 2004ஆம் ஆண்டு பிப்ரவரி 19 என்று நாள் குறித்திருந்தார்கள். அந்த நாளுக்கு இன்னும் எத்தனை நாள், எத்தனை மணி, எத்தனை நொடி என்று கணிப்பொறித் திரைகளில் ஓடவிட்டுப் பணியாளரை முடுக்கினார்கள். அதற்கு ஓராண்டு முன்னர், 2003ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்புகையில் சிதறி, நம் நாட்டில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் மாண்டனர். ஏவப்பட்ட நேரத்தில் பெயர்ந்து விழுந்த நுரைத் துண்டு ஒன்று இறக்கையைத் துளைத்தது நேரடிக் காரணம். ஆனால், விசாரணைக் குழுவினர் அந்தக் குறித்த நாளின் நெருக்கடியையும் தம் அறிக்கையில் எடுத்துரைத்தனர். நுரை பெயர்ந்து விழுவது முன்பும் நிகழ்ந்ததுதான். அதை நின்று ஆராய நேரம் ஒதுக்கப்படவில்லை. அந்தக் கூடம் இறுதியில் மேலே சென்றது 2007ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில்! நாளைக் காப்பாற்ற முற்பட்டார்கள். நாளும் நிற்கவில்லை, உயிரும் நிற்கவில்லை.

இனி நம் நாட்டின் கதைக்கு வருவோம்.

1984ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் ராகேஷ் சர்மா அவர்கள் சோவியத் கலத்தில் ஏறி சல்யூத்-7 நிலையத்துக்குச் சென்றபோது நான் இளம் ஆசிரியன். அச்செய்தியை வானொலியில் கேட்டுவிட்டு மறுநாள் வகுப்பில் பாடத்தை ஒதுக்கி வைத்து அதையே பேசினேன். "சார், நம்ம வீடு எப்போ சார் மேலே போகும்?" என்று ஒரு மாணவன் கேட்டான். "பிறர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகவே நமக்கு இப்போதுதான் வாய்த்திருக்கிறது, சொந்த வீட்டுக்கு நாளாகும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அதே 1984ஆம் ஆண்டில்தான் திரு. நாராயணன் அவர்கள் விண்வெளி நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். இரண்டாவது விருந்தாளியாக சுபான்ஷு சுக்லா அவர்கள் பன்னாட்டு நிலையத்தில் அடியெடுத்து வைத்தது 2025ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள். இடையில் நாற்பத்தோர் ஆண்டுகள் ஓடிவிட்டன.

அந்த ஆண்டுகளில் நாம் சும்மா இருந்தோமா? இல்லை. பெரும் பாரத்தைத் தூக்க, கடுங்குளிரில் திரவமாக்கிய ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்கும் 'கிரையோஜெனிக்' எஞ்சின் வேண்டும். அதனையும் அதன் நுட்பத்தையும் ருஷ்யரிடமிருந்து பெறுவதற்கு 1991ஆம் ஆண்டில் உடன்படிக்கை ஆயிற்று. அமெரிக்கர் 1992ஆம் ஆண்டில் தடை விதித்தனர். அதன்பின் ருஷ்யர், எஞ்சின் தருவோம், நுட்பம் தரமாட்டோம் என்று பின்வாங்கினர். நாமே அதைச் செய்து பார்க்க வேண்டியதாயிற்று. செய்தவற்றைச் சோதித்த இடம் நம் மகேந்திரகிரி. நம் சொந்த எஞ்சின் 2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் முதன்முதலாகப் பறந்தது, தோற்றது.

மறுபடி எல்லாவற்றையும் ஆராய்ந்து, 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் அடுத்த ராக்கெட்டை நிறுத்தினார்கள். ஏவுவதற்கு ஒரு மணி பதினான்கு நிமிடம் எஞ்சியிருக்கையில், இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிவது தெரிந்தது. ஏவுதலை நிறுத்தினர். ராக்கெட்டைத் திரும்பக் கொண்டுபோயினர். கசிந்த தொட்டியை ஒட்டுப்போட்டு மறுநாளே அனுப்ப முயலவில்லை. இரண்டாம் அடுக்கையே புதிதாகக் கட்டினர். தொட்டிக்கு வேறு உலோகக் கலவையைத் தேர்ந்தனர். 2014ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் அந்த ராக்கெட் பறந்து, கிரையோஜெனிக் எஞ்சின் வெற்றி கண்டது. நௌகாவில் கசிவு கண்டதும் 2013. நம் ராக்கெட்டில் கசிவு கண்டதும் 2013. இங்கே நான்கரை மாதத்தில் குறை தீர்ந்தது. அங்கே எட்டாண்டு சென்றது. நாம் அவர்களினும் அறிவாளிகள் என்று சொல்ல வரவில்லை; விண்வெளி நிலையக் கலையில் அவர்களே உலகுக்கு ஆசான்கள். தொட்டி ஒன்றை மாற்றுவதும், கூடம் முழுவதும் ஓடும் குழாய்களைத் துப்புரவு செய்வதும் ஒரே அளவு வேலையும் அல்ல. குறை எப்போது கண்ணில் படுகிறது, கண்டபின் எவ்வளவு உறுதியோடு அதைக் களைகிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

கூடங்களைப் பொருத்தும் கலையையும் நாம் அண்மையில்தான் பயின்றோம். 2024ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், ஒவ்வொன்றும் சுமார் 220 கிலோ எடையுள்ள இரண்டு சிறு கலங்களை ஒரே ராக்கெட்டில் அனுப்பினார்கள். ஸ்பேடெக்ஸ் என்பது அந்த முயற்சியின் பெயர். ஜனவரி 7ஆம் நாள் அவற்றை இணைப்பதாக இருந்தது. தரையில் இன்னும் ஒரு சோதனை தேவை என்று 9ஆம் நாளுக்குத் தள்ளினர். பின்னர் ஒரு கலம் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக விலகியது என்று மறுபடியும் தள்ளினர். 12ஆம் நாள் மூன்று மீட்டர் நெருக்கம் வரை கொண்டுபோய், பார்த்துவிட்டு, விலக்கிக்கொண்டனர். ஏளனம் செய்தோரும் உண்டு. 16ஆம் நாள் இரண்டும் பொருந்தின. ருஷ்யர், அமெரிக்கர், சீனர் ஆகியோருக்கு அடுத்து இக்கலையில் தேறிய நான்காம் நாட்டார் நாம் ஆனோம். மார்ச் 13ஆம் நாள் அவற்றைப் பத்திரமாகப் பிரித்தும் காட்டினர்.

இப்போது நம் வீட்டின் முதற் கூடத்தைப் பார்ப்போம். 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளித்தது. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தை விரிவாக்கி, இக்கூடத்தையும் அதில் சேர்த்து, மொத்தம் 20,193 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், தேசிய விண்வெளி நாளை ஒட்டி, அக்கூடத்தின் மாதிரி டெல்லியில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. எட்டு மீட்டர் நீளம், 3.8 மீட்டர் விட்டம், பத்து டன் எடை. நீளத்தால் அது நம் பழைய பள்ளிக்கூடங்களின் ஒரு வகுப்பறையளவே இருக்கும்.

அது மேலே போவதற்குமுன் செய்து முடிக்க வேண்டியவை பல. முதலில் ககன்யான் கலத்தை ஆளில்லாமல் அனுப்பி மீட்டு, பிறகு மனிதரை அனுப்பி மீட்க வேண்டும். அத்திட்டம் 2018ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டபோது குறித்த ஆண்டு 2022. அது கடந்துவிட்டது என்பது நாம் எல்லாரும் அறிந்ததே. இருநூறு கிலோ கலங்களைப் பொருத்திய கை, பத்து டன் கூடத்தோடு கலத்தைப் பொருத்தப் பழக வேண்டும். காற்றையும் நீரையும் மறுபடி மறுபடி தூய்மையாக்கும் கருவிகள் நெடுநாள் பழுதின்றி இயங்கக் காண வேண்டும். ராக்கெட்டின் வலிமையையும் கூட்ட வேண்டும். அதற்காகத் தூய மண்ணெண்ணெயையும் திரவ ஆக்சிஜனையும் எரிக்கும் புதிய எஞ்சின் ஒன்று உருவாகி வருகிறது. அதன் முக்கியப் பகுதியை 2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் மகேந்திரகிரியில் எரியவிட்டுச் சோதித்தனர். சோதனையின் நேரம் எவ்வளவு தெரியுமா? இரண்டரை நொடி! இரண்டரை நொடியில் தொடங்கித்தான் நூற்றுக்கணக்கான நொடிகளுக்குப் போக வேண்டும்.

அப்படியானால் 2028ஆம் ஆண்டில் கூடம் போகுமா? போகலாம், பிந்தவும் பிந்தலாம். உலகில் இத்துறையில் நாள் தவறாதவர் அரிது. பிந்தினால் நாம் என்ன கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. "ஏன் பிந்தியது?" என்று கேட்கும் உரிமை வரி செலுத்துகின்ற நமக்கு உண்டு; கேட்கத்தான் வேண்டும். ஆனால் "இந்தக் குறையைக் கண்டோம், இவ்வாறு திருத்துகிறோம்" என்று விடை வருமானால், அதைக் கேட்டுத் தலைவணங்கவும் நமக்குத் தெரிய வேண்டும். விடையே வராமல் நாட்கள் மட்டும் நகருமானால், அப்போதுதான் கவலைப்பட வேண்டும். மனிதரை ஏற்றிச் செல்லும் ராக்கெட்டுக்கான கிரையோஜெனிக் எஞ்சினைத் தகுதி பார்க்கையில், குறைந்தது 6,350 நொடிகள் எரியவிட்டுச் சோதிக்க வேண்டும் என்று விதி வகுத்திருந்தார்கள். மகேந்திரகிரியில் நான்கு எஞ்சின்களை 39 முறை, மொத்தம் 8,810 நொடிகள் எரியவிட்டுப் பார்த்து, 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் தேர்ச்சி தந்தார்கள். விதி கேட்டதற்கும் மேலே இரண்டாயிரத்து நானூற்று அறுபது நொடி. இந்தக் கணக்கு, நாட்காட்டியைவிட எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது.

"பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகையில் விண்ணில் வீடு எதற்கு?" என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. ஒழுகும் கூரையின் கீழ் வகுப்பு நடத்தியவன் நான்; அக்கேள்வியை ஏளனம் செய்யமாட்டேன். கூரையும் செப்பனிடத்தான் வேண்டும். ஒன்று மட்டும் சொல்வேன். அந்தக் கூரைகளின் கீழ் தமிழில் கணக்குப் பயின்ற பிள்ளைகளுள் சிலர்தான் இன்று இந்த வீட்டைக் கட்டுகிறார்கள். மேலே செல்லும் அறிவுக்கும் கீழே நிற்கும் பள்ளிக்கும் உள்ள தொடர்பு அத்தகையது. செலவழிப்பதென்று முடிவான பணம் வீணாகாமல் இருக்க வேண்டுமானால், கட்டுவது உறுதியாக இருக்க வேண்டும். அவசரத்தில் கட்டி இழப்பதைப்போல் விலையுயர்ந்த செலவு வேறில்லை.

முடிப்பதற்குமுன் ஒரு செய்தி. முன்னர் நான் சொன்ன அந்த மாணவரைச் சில மாதங்களுக்கு முன் கண்டேன். இப்போது அவருக்கும் தலை நரைத்துவிட்டது. புதிதாக வளர்ந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கையில் அளவுநாடாவோடு நின்றுகொண்டிருந்தார். நட்டு ஏழாண்டு ஆகிவிட்டதே, ஏன் இன்னும் பால் வெட்டத் தொடங்கவில்லை என்று கேட்டேன். அதற்கு அவர், "வருசத்தப் பாத்து வெட்டப்பிடாது சாரே, மரத்த அளந்து பாத்துல்லா வெட்டணும்!" என்றார். அடிமரம் ஐம்பது சென்டிமீட்டர் சுற்றளவு காணாமல் கத்தி வைத்தால், மரம் தளர்ந்து பின்னர் ஒருபோதும் நன்றாகப் பால் தராதாம். அதற்காக அவர் சும்மாவும் இருக்கவில்லை. உரமிட்டு, களையெடுத்து, மாதந்தோறும் அளந்துகொண்டே இருக்கிறார். தேறிய மரத்துக்கு உடனே அடையாளமும் இடுகிறார்.

கணக்கு வரவில்லை என்று நான் நிறுத்தி வைத்தவர், எனக்கு அன்று ஒரு கணக்கைக் கற்பித்தார். நம் விண்வெளிக் கூடத்தைக் கட்டுவோரும், அது எப்போது போகும் என்று காத்திருக்கும் நாமும் கைக்கொள்ள வேண்டிய கணக்கு அதுவே: ஆண்டை எண்ணுவதோடு நிறுத்தாமல், மரத்தை அளந்து பார்க்க வேண்டும், அளந்துகொண்டே இருக்க வேண்டும். அவ்வாறு அளந்து அனுப்பிய வீட்டில் நம் பிள்ளைகள் அச்சமின்றிக் குடிபுகுவார்கள். அந்தி வேளையில் தென்திசை வானில் அது ஒளிப்புள்ளியாகக் கடந்து செல்வதை எங்கள் ஊர் முற்றத்திலிருந்து காணும் நாள் ஓராண்டு பிந்தினாலும் எனக்குக் குறையில்லை. அதனுள் ஒருவர் நலமாக இருக்கிறார் என்ற எண்ணத்தோடு காண வேண்டும் என்பதே என் ஆசை.